கம்மூன், வீடு வா

குரல் வந்தது கைபேசியிலிருந்து. நாய் திரும்பிப் பார்த்ததோ சமையலறையின் பின்கதவை.

இன்ஸாஃப் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும். எலியாக இருக்கலாம், மாடி வீட்டில் மீன் பொரிக்கலாம். கைபேசியை அதன் மூக்குக்கு நேரே பிடித்து மறுபடியும் ஓட்டினாள். சிறுமி ஒருத்தியின் குரல், முன்பல் விழுந்த சந்தில் காற்றுச் சீறும் குரல், ஜெர்மனியின் ஏதோ மூலையிலிருந்து, புதிதாகக் கற்ற அரபியில் கூப்பிட்டது: "கம்மூன்! வா... வீடு வா!"

நாய் கைபேசியைக் கண்டுகொள்ளவே இல்லை. காதுகளை மண்டையோடு ஒட்டிக்கொண்டு, வயிறு தரையில் தேய, பின்னாலேயே நகர்ந்து போய் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டது. கண் மட்டும் பின்கதவை விட்டு அகலவில்லை.

கூப்பிட்ட குரலுக்கு அது வராததில் நியாயம் இருந்தது. அதன் பெயர் கம்மூன் இல்லை.

நாய்களுக்கு மளிகைச் சாமான் பெயர் வைப்பது இன்ஸாஃபின் வழக்கம். கம்மூன் என்றால் சீரகம், ஃபில்ஃபில் என்றால் மிளகு. இவற்றுக்கு முன்னால் கொத்தமல்லி ஹாலந்திலும் ஏலக்காய் பெல்ஜியத்திலும் குடியேறி, மெத்தையில் மல்லாந்து கிடப்பதாகப் புகைப்படம் வந்திருந்தது. அலெக்ஸாந்திரியாத் தெருக்களில் கல்லடி பட்டுக் கிடப்பவற்றைப் பொறுக்கி வருவாள். கோழிக்கால் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போட்டுத் தேற்றுவாள். ஊசி போட்டு, ரத்தம் சோதித்து, அரிசிமணி அளவிலான சிப் ஒன்றைக் கழுத்துத் தோலுக்கடியில் ஏற்றி, ஊர் திரும்பும் பயணி எவரையாவது கெஞ்சிக் கூத்தாடி அவரோடு கூண்டையும் விமானத்தில் ஏற்றிவிடுவாள். இதற்கு மாதக்கணக்கில் விதிகள் உண்டு. அத்தனை விதிகளுக்கும் அடியில் யாரும் எழுதி வைக்காத விதி ஒன்று: கிளம்பும்வரை நாய் உயிரோடு இருக்க வேண்டும்.

மற்ற எல்லாவற்றிலும் தேறிய கம்மூன் அதில் மட்டும் தவறிவிட்டது.

தெருமுனையில் தெருநாய்களுக்கென்று வைத்திருந்த விஷ இறைச்சி. மாலை உலாவின்போது ஒரே வாய், அவ்வளவுதான். வீட்டுக்கு இழுத்து வந்ததும் அது தண்ணீருக்குப் போகவில்லை, அவள் மடிக்கும் வரவில்லை. நேரே தன் படுக்கைக்கு ஓடி, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மஞ்சள் சட்டையைக் கவ்விக்கொண்டது. அது அந்தச் சிறுமி தில்டாவின் சட்டை. போட்டுக் கழற்றித் துவைக்காமல் அனுப்பச் சொல்வது வழக்கம். நாய் அதன்மேல் படுத்துப் புது வீட்டு வாசனையைப் பழகிக்கொள்ளும். கம்மூன் நன்றாகவே பழகியிருந்தது. வெட்டி வெட்டி இழுத்துச் சாகும்போதும் சட்டையை விடவில்லை. செத்த பிறகும் தாடை திறக்கவில்லை.

அந்த இரவு இன்ஸாஃப் செய்த காரியம், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. சவர பிளேடால் கம்மூனின் கழுத்தைக் கீறிச் சிப்பை எடுத்தாள். உடலைச் சட்டையோடு சேர்த்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள காலிமனையில், ஆமணக்குச் செடிக்கு அடியில் புதைத்தாள். பிறகு அதே மனையில் ஒண்டிக்கொண்டு பின்கதவில் சோறு வாங்கித் தின்னும் ஃபில்ஃபிலைத் தூக்கி வந்தாள். கம்மூனோடு ஒரே ஈற்றில் பிறந்தது, அதே சீரக நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் கோணல். அதன் கழுத்தில் அந்த அரிசிமணியை ஏற்றினாள். கால் சுளுக்கிவிட்டதாக ஜெர்மனிக்குச் செய்தி போயிற்று. இனி ஃபில்ஃபில்தான் கம்மூன். இடம் வீணாகக் கூடாது, அவள் நினைத்ததெல்லாம் அவ்வளவுதான். செத்ததற்கு எதற்கு ஜெர்மனி?

புதுப் பெயர் பழக வேண்டுமே என்று, தில்டா அனுப்பும் குரலைத் தினமும் மாலைத் தொழுகை அழைப்பு முடிந்ததும் ஓட்டிக் காட்டினாள்.

நாய் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த மறுநாள் காலை, மாடிப்படியடியில் டீ போட்டுக்கொண்டிருந்த காவலாளி ஷஹாத்தா அவளை மறித்தான்.

"மதாம், நான் மூணு தடவை விசாவுக்கு எழுதிப்போட்டேன். மூணு தடவையும் இல்லேன்னுட்டான். நாலு காலு வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, கையை ஊணியே நடந்து போயிருப்பேன்."

"வாலும் வேணும்டா."

"அது இருக்கு மதாம். கட்டடச் சங்கத் தலைவர் முன்னாடி ஆட்டி ஆட்டித்தானே பொழப்பு ஓடுது." அவன் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "காசிம் வந்துட்டு இருக்கு. அது அடிச்சு ஓஞ்சதும் மறுபடி இறைச்சி வைக்கணும்னு கட்டடத்துல முடிவாயிடுச்சு. இந்தத் தடவை என் கையாலதான் வைக்கணுமாம். அந்தக் கோணக்காலனை அதுக்குள்ள கிளப்பிடுங்க, புண்ணியமாப் போகும்."

காசிம் என்பது ஆளல்ல. டிசம்பரில் வரும் புயல். அந்த ஊரில் புயல்களுக்குப் பெயர் உண்டு, நாளும் உண்டு, சொன்னபடி வருவதில் மனிதர்களைவிட யோக்கியம்.

"வெள்ளிக்கிழமை விமானம்," என்றாள் இன்ஸாஃப். "லக்ஸர் பாத்துட்டுத் திரும்புற கிழவர் ஒருத்தர் கூட்டிட்டுப் போறாரு."

"நல்லது. ரெண்டையுமா?"

"ஒண்ணுதானேடா இருக்கு."

ஷஹாத்தா டீயை ஒரு வாய் உறிஞ்சினான். "அப்ப நேத்து சாயங்காலம் பின்கதவை வெளியிலேர்ந்து சொரண்டினது யாரு?"

*

பின்கதவின் வெளிப்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், பச்சை வர்ணம் உரிந்து வெள்ளை மரம் தெரிந்தது. கீழே ஒரு பிடி ஈரமண். இன்ஸாஃப் அதைத் துடைப்பத்தால் தள்ளினாள். தெருவில் நாய்க்கா பஞ்சம்! கோழிக்கால் வேகிற வாசனைக்கு எது வேண்டுமானாலும் வந்திருக்கும். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று மாலை குரலை ஓட்டும்போது ஒலியைப் பாதியாகக் குறைத்தாள்.

"கம்மூன்! வா... வீடு வா!"

முதலில் எதுவும் இல்லை. கடலோரத்திலிருந்து காற்று ஏறிவந்து மாடிக்கொடித் துணிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கோ தகரம் ஒன்று கிளம்பிக் கிளம்பி விழுந்தது. குழாயில் தண்ணீர் ஏறும் முனகல், சுவருக்கு அப்பால் யாரோ இருமுவது, அடுப்பில் கோழிக்கால் கொதிக்கும் களகளப்பு. இவை எல்லாவற்றுக்கும் அடியில், காலிமனையிலிருந்து பின்கதவுக்கு வரும் சிமெண்டுப் பாதையில், அவசரமே இல்லாமல் ஒரு நடை.

டக். டக். டக். கிர்ர்.

இன்ஸாஃபுக்கு அந்த நடை தெரியும். கம்மூனின் பின்னங்கால் நகம் ஒன்று வெட்ட வெட்ட வளைந்து வளரும். தரையில் நடந்தால் மூன்று கால் தட்டும், ஒன்று கீறும். ஆறு மாதம் இந்த வீட்டில் கேட்ட சத்தம். இரவில் தண்ணீர் குடிக்கப் போகும்போது, விடிகாலையில் அவள் கட்டிலருகே வந்து நிற்கும்போது. தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

டக். டக். டக். கிர்ர். கதவுக்கு வெளியே நின்றது.

சோபாவுக்குப் பின்னால் ஃபில்ஃபில் மூத்திரம் பெய்துவிட்டது.

இன்ஸாஃப் அசையாமல் நின்றாள். கதவிடுக்கு வழியே உள்ளே வந்த காற்றில் மழைபட்ட மண்ணின் வாசனை இருந்தது. அதில் தவறில்லை, மழைக்காலம். ஆனால் அதன் நடுவே, மெல்லிய நூல்போல, இந்த ஊர்க் கடைகளில் விற்காத ஒரு சோப்பின் வாசனையும் வந்தது.

*

காசிம் வியாழக்கிழமை வந்தது. மதியமே இருட்டிவிட்டது. கடல் சாலைமேல் ஏறி அடித்தது, மழை படுத்த வாக்கில் பெய்தது, மின்சாரம் போயிற்று. இன்ஸாஃப் இனிக் குரலை ஓட்டப்போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். ஒரே ஒரு நாள். நாளைக் காலை வண்டி வரும், ஃபில்ஃபில் கிளம்பிவிடும், பிறகு கதவு தானாக ஓய்ந்துவிடும்.

மாலையில் கைபேசி தானே ஒலித்தது. குரல் பதிவு அல்ல, நேரடி அழைப்பு. திரையில் தில்டாவின் தாய் பிர்கிட். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். கிளம்புகிற நேரத்தில் சந்தேகம் கூடாது. எடுத்தாள்.

பிர்கிட் ஏதோ சொன்னாள், மொழிபெயர்க்கும் இயந்திரக் குரல் அதை அரபியாக்கியது: "மன்னிக்க வேண்டும். மகள் உறங்க மறுக்கிறாள். ஒரு முறை அவனை அழைக்க விரும்புகிறாள்."

"வேணாம்மா," என்றாள் இன்ஸாஃப் அவசரமாக. "தூங்குது. இங்க புயலு..."

அதற்குள் முன்பல் இல்லாத முகம் திரையை அடைத்துக்கொண்டது. "கம்மூன்! வா! வீடு வா!"

டக்.

இந்தத் தடவை தூரத்திலிருந்து வரவில்லை. அங்கேயே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கதவு ஒருமுறை குலுங்கியது. தாழ்ப்பாள் கொக்கி அதன் வளையத்துக்குள் கிணுகிணுத்தது. பிறகு சுரண்டல், கோபமான சுரண்டல் அல்ல, வெளியே போன நாய் வீட்டுக்குள் விடச் சொல்லிக் கேட்கும் பொறுமையான சுரண்டல். மழையையும் மீறி அது கைபேசிக்குள் போயிற்று. தில்டாவின் முகம் மலர்ந்தது. கை தட்டினாள்.

"கம்மூன்! வா! வா! வா!"

இன்ஸாஃப் ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்தாள். மரம் முதுகில் துடித்தது. குளிர். கால்விரலில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்தாள். திரை வெளிச்சத்தில், கதவுக்கடியிலிருந்த சந்து வழியே, மஞ்சள் துணி ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. மூக்கால் தள்ளுகிற மாதிரி. ஒரு சட்டைக் கை. மண்ணும் சளியும் அப்பிய குட்டிச் சட்டைக் கை.

அழைப்பைத் துண்டித்தாள்.

சுரண்டல் நின்றது. சட்டைக் கை அப்படியே சற்று நேரம் கிடந்தது. பிறகு, கூப்பிட்டவர்கள் இல்லாத வீட்டில் கொடுத்து என்ன பயன் என்பதுபோல, மெல்ல வெளியே இழுபட்டுப் போயிற்று.

*

அன்றிரவு அவள் ஃபில்ஃபிலைக் கூண்டுக்குள் படுக்கவைத்து, பழகட்டும் என்று கூண்டுக் கதவைத் திறந்தே வைத்து, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தூங்குவதாக உத்தேசமில்லை. ஆனால் மூன்று நாள் தூங்காத உடம்பு யாரைக் கேட்கிறது.

விழித்தபோது விடிந்திருந்தது. காற்று ஓய்ந்திருந்தது. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது, கொக்கி மரத்தோடு பிய்ந்து தொங்கியது. காசிம் இதைவிடப் பெரிய கதவுகளையெல்லாம் பிய்த்திருக்கிறது. தரையெல்லாம் மழைநீர், ஆமணக்கு இலை. நீரின் நடுவே மண் தடங்கள். பின்கதவிலிருந்து வரிசையாக வந்தன. மூன்று பாதம், ஒரு கீறல். மூன்று பாதம், ஒரு கீறல். அவள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை சுற்றி, அவள் கைக்கருகே சற்று நின்று, கூண்டு வாசல்வரை போயின.

திரும்பிப் போகும் தடம் இல்லை.

கூண்டுக்குள் ஃபில்ஃபில் மட்டும் இருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

"மதாம்!" பின்வாசலிலிருந்து ஷஹாத்தா கூப்பிட்டான். காலிமனையில் ஆமணக்குச் செடி சாய்ந்து, அதன் வேரடியில் குழி வாய் பிளந்திருந்தது. "பசிச்ச நாய்ங்க தோண்டித் தின்னிருக்கும், விடுங்க." சொல்லிவிட்டுக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து தோண்டினால் மண் ஒரு பக்கம் குவியும். இங்கே பால் பொங்கிய மாதிரி நாலு பக்கமும் வழிந்திருந்தது. ஷஹாத்தா குழிக்கு முதுகைத் திருப்பினான். "வண்டி வந்தாச்சு. சீக்கிரம் கிளம்புங்க. சங்கத் தலைவரு காலையிலேயே இறைச்சிக்குக் காசு குடுத்துட்டாரு."

இன்ஸாஃப் கூண்டுக் கதவைச் சாத்தி நான்கு முனையிலும் கட்டினாள்.

வண்டியோட்டி ஃபத்ஹி கூண்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு முனகினான். "என்ன ஹாஜ்ஜா, நாயா கன்னுக்குட்டியா? என்னத்தப் போட்டு வளத்தீங்க?"

"கோழிக்காலு."

"எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்றேன். நான் இன்னும் எளைச்சுக்கிட்டே போறேன்."

கெய்ரோவுக்குப் போகும் பாலைவனச் சாலையில் மூடுபனி பால்போல நின்றது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு தெரியும், மறையும். ஃபத்ஹி கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இறக்கினான். "மண்ணு நாத்தம் அடிக்குதே? செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி." கார் வானொலியை வைத்தான். நிறுத்தினான். பின்னாலிருந்து வரும் மூச்சைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தான். ஒரு மூச்சு இரைந்தது. இன்னொன்றுக்குச் சத்தமே இல்லை. கூண்டின் கம்பிகளில் மட்டும் அதன் ஈரம் படிந்துகொண்டிருந்தது.

விமான நிலையத்தில் கூண்டைத் தராசில் ஏற்றினார்கள். எடை பார்த்த ஊழியன் எண்ணைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான், தராசைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். எண் மாறவில்லை.

"மதாம், நீங்க எழுதிக் குடுத்ததுக்கு இது ரெண்டு மடங்கு இருக்கே. வேற எதாவது உள்ள வச்சிருக்கீங்களா?"

இன்ஸாஃப் குனிந்து கம்பி வழியே பார்த்தாள். விசாலமான கூண்டு, நாய் எழுந்து திரும்பிப் படுக்க இடம் வேண்டும் என்பது விதி. ஃபில்ஃபில் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி, கோணக்காலை மடித்து, மூச்சை உள்ளிழுத்து, தன்னால் முடிந்தவரை சின்னதாகச் சுருண்டிருந்தது. பக்கத்தில் கூண்டின் பெரும்பாதி காலி. அந்தக் காலி இடத்துக்கு அது வழி விட்டுப் படுத்திருந்தது.

மெத்தையின் அந்தப் பாதி அமுங்கி இருந்தது.

"சந்தேகம்னா பிரிச்சுப் பாத்துடலாம்," என்றான் ஊழியன். நல்லவன்தான். "ஆனா மறுபடி மருத்துவர் வரணும், முத்திரை போடணும். இந்த விமானம் போயிடும். அடுத்த வாரம் பாத்துக்கலாமா?"

அடுத்த வாரம். ஷஹாத்தாவின் கையில் இறைச்சிக்கான காசு. ஃபில்ஃபில் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளையே பார்த்தது. திற என்கிறதா, திறக்காதே என்கிறதா? கொஞ்ச தூரத்தில், வெயிலில் சிவந்த ஜெர்மானியக் கிழவர் தன் பயணச்சீட்டோடு பொறுமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார். கடலுக்கு அப்பால் ஒரு வீடு. ஒரு குழந்தை.

"ஒண்ணும் இல்லை," என்றாள் இன்ஸாஃப். "கூண்டுதான் கனம். அனுப்பிடுங்க."

ஊழியன் தோளைக் குலுக்கி முத்திரை குத்தினான். கூண்டு பட்டையில் நகர்ந்து, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. திரை அசைந்து நின்றது.

*

வீடு நிசப்தமாக இருந்தது. பின்கதவுக்கு ஷஹாத்தா பலகை அடித்திருந்தான். அவள் டீ போட்டாள், குடிக்கவில்லை. காலிமனையில் காற்று இல்லை, நடை இல்லை. மண் வாசனையும் இல்லை. வெகுநாளுக்குப் பிறகு வீட்டில் வெறும் சாப்பாட்டு வாசனை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் மாலைத் தொழுகை அழைப்பு ஓய்ந்ததும் கைபேசி ஒலித்தது.

பிர்கிட் திரையைத் திருப்பிக் காட்டினாள். வெளிர் நிற மரத்தரை. சன்னலுக்கு வெளியே பனி. கூண்டு திறந்து கிடந்தது. அதன் கடைக்கோடியில் ஃபில்ஃபில். உயிரோடு. பத்திரமாக. சுவரோடு சுவராக.

"சற்றுக் கூச்சப்படுகிறான்," என்றது இயந்திரக் குரல். "ஆனால் மகள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறாள்."

தில்டா நடுத்தரையில் சம்மணமிட்டு, கண்ணை இறுக மூடி, முகத்தை நிமிர்த்தி, கெக்கலித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி யாரும் இல்லை.

டக். டக். டக். கிர்ர்.

மரத்தரையில் ஈரமண் தடங்கள் பூத்தன. ஒன்றன்பின் ஒன்றாக. பிள்ளையை ஒரு சுற்று. இன்னும் நெருங்கி ஒரு சுற்று.

"போ!" இன்ஸாஃப் கத்தினாள். "கம்மூன், போ! போகச் சொல்லும்மா! போன்னு சொல்லு!"

பிர்கிட் எதையோ தட்டினாள். இயந்திரம் இன்ஸாஃபின் அலறலை மொழிபெயர்க்கத் திணறியது. தில்டா கண்ணைத் திறக்காமலே அந்தக் குரலை அடையாளம் கண்டு திரைப்பக்கம் கையசைத்தாள். அந்தப் பிள்ளைக்கு அரபியில் தெரிந்தவை இரண்டே சொற்கள். போ என்பது அவற்றில் இல்லை.

"வா!" என்றாள் தில்டா சந்தோஷமாக, மடியைத் தட்டி. "வீடு வா!"

கிர்ர்.

மடியில் ஏதோ கனமாக வந்து படுத்தது, பாவாடை அமுங்கியது. அதன்மேல் மஞ்சள் சட்டை, மண்ணோடு, பற்கள் பதிந்த துளைகளோடு, பத்திரமாக வைக்கப்பட்டது. பிறகு அவள் கன்னத்தில், மோவாயிலிருந்து மூடிய கண்ணை நோக்கி, அகலமான ஈரக்கோடு ஒன்று கருப்பாக ஏறியது. நிதானமாக. அன்பாக. அதன் மேல் இன்னொன்று.